இரண்டாம் பக்கத்துக் காலிப் பெட்டிகள்

அத்தான் அனுப்பிய படத்தை முதலில் நான் பெருமையோடுதான் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை. அட்டையின் கிளிப்பில் ஒரு தாள். தாளில் நான் வடிவமைத்த படிவம். கூடவே ஒரு செய்தி: "மாப்பிள்ளை, கட்டிலுக்குக் கட்டில் உன் ஃபார்ம்தான் தொங்குது. உங்க அக்கா நர்ஸுங்க எல்லார்கிட்டயும் தம்பி புராணம் பாடியாச்சு. பதினோரு மணிக்கு ஆபரேஷன். போனை அணைக்கச் சொல்றாங்க, அணைக்கிறேன்."

மணி பத்தேகால். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு மணி நேர வேலை, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்பதால் நான் வழக்கம்போல் அலுவலகம் வந்து, என் நாற்காலியில் சாய்ந்து, படத்தைப் பெரிதாக்கினேன். என் கோடுகளையும் என் இடைவெளிகளையும் ரசிக்கத்தான்.

தெரிந்தது இரண்டாம் பக்கம். 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள்' என்ற தலைப்பின் கீழ் எட்டுப் பெட்டிகள். எட்டும் காலி.

முதல் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். பென்சிலின். போட்டதே நான்தான். போன செவ்வாய்க்கிழமை இதே மேஜையில், அக்கா போனில் "அதைத்தாண்டா முதல்ல போடு" என்று சொல்லச் சொல்ல, நானே சொடுக்கினேன். பெட்டிக்குள் ஒரு பச்சை டிக் குதித்து வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்து ரசிக்கவும் செய்தேன். ஏன் ரசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை.

அந்த டிக் என் சொந்தத் தயாரிப்பு. பிடிஎஃப் படிவம் செய்யும் மென்பொருளிலேயே ஒரு டிக் இருக்கிறது. உலகம் முழுக்க அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். எனக்குப் போதவில்லை. "நோயாளி பயந்துபோய் வர்றவர் சார். அவர் முன்னாடி போலீஸ்காரர் மாதிரி விறைப்பா ஒரு டிக் எதுக்கு?" என்று மருத்துவமனை மேலாளரிடம் பேசினேன். வெள்ளைத்தாளில் தூரிகையால் நானூறு டிக் போட்டேன். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாலைக் கொஞ்சம் நீட்டி, பச்சை பூசி, அந்த ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு ஃபான்ட் செய்தேன். பதினோரு நாள் ஆயிற்று. "பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலை" என்றாள் என் மனைவி.

அத்தோடு விட்டேனா? பழைய படிவத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. காலை நேரத்துப் பேருந்து மாதிரி நெரிசல். 'இல்லை'களை எல்லாம் இறக்கிவிட்டேன். டிக் இருந்தால் உண்டு. காலியாக இருந்தால் இல்லை. எவ்வளவு சுத்தம்! மேலாளர் எழுந்து கைகுலுக்கினார்.

இப்போது அந்தச் சுத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்காவுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று அந்தத் தாள் சொன்னது.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டார்கள். எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு வந்த கால் மணி நேரத்தில் அவள் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, முகம் பலூன் ஆனது. நான் கைதட்டிச் சிரித்தேன். சிரிப்பு மூட்டுவதும் சிரிப்பதும்தான் அந்த வீட்டில் எனக்கு இருந்த உத்தியோகம். பிறகு அவள் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடியதும், அரைச் சிரிப்போடு நான் வாசலில் நின்றதும் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த ஊசிதான் பென்சிலின்.

"சந்தேகம்!" என்று கத்தினேன்.

அடுத்த மேஜைக்காரருக்கு நான் வைத்த பெயர் அது. அச்சுக்குப் போகும் எல்லாவற்றையும் கடைசியாகப் பார்ப்பவர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் படி இறங்கி, திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பவர்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அக்கா ஃபார்மை உங்களுக்கு அனுப்பறேன். உங்க கம்ப்யூட்டர்ல திறங்க. ரெண்டாம் பக்கம்."

திறந்தார். நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். எட்டுப் பெட்டிகள். எட்டும் காலி. என் திரையில் அதே கோப்பு, அதே பக்கம், பச்சை டிக் வால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"டிக்கே போடலை போல" என்று அவர் மவுஸை நகர்த்தினார். "நான் வேணா போட்டு..."

"தொடாதீங்க!"

அலறலில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது.

தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படிவத்துப் பெட்டி இரண்டு விஷயங்களை வைத்திருக்கிறது. ஒன்று பதில், மற்றொன்று பதிலின் படம். பதில் உள்ளே பத்திரமாக, 'உண்டு' என்றே இருந்தது. படத்தை வரைய என் ஃபான்ட் வேண்டும். ஃபான்டைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்க வேண்டும், நான் வைக்கவில்லை. என் கணினியில் அது இருப்பதால் எனக்குத் தெரிகிறது. அவருடையதில் இல்லாததால் அது ஒன்றும் வரையாமல் பேசாமல் இருக்கிறது. காலியாகத் தெரியும் அந்தப் பெட்டியை, பாவம், யாராவது நல்ல மனதோடு சொடுக்கினால் டிக் விழாது. ஏற்கெனவே இருக்கும் டிக் எடுபட்டுப்போகும்.

"நான் அன்னைக்கே கேட்டேனே" என்றார் சந்தேகம். குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது. "வேற கம்ப்யூட்டர்ல பார்த்தியான்னு."

"பார்த்தேன்."

"எங்கே?"

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் பார்த்தேன். ஒன்பது நாளைக்கு முன்னால், படிவத்தைக் கொடுக்கப் போன அன்று, அங்கேயும் பெட்டி காலியாகத்தான் வந்தது. நான் என்ன செய்தேன்? பையிலிருந்த பென்டிரைவைச் செருகி, என் ஃபான்டை அந்தக் கணினியில் ஏற்றி, "இப்ப பாருங்க மேடம், வந்தாச்சு" என்று ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு வந்தேன். கூரை ஒழுகுகிறது என்று சொன்னவருக்குக் குடை கொடுத்துவிட்டு, வீட்டைச் சரிசெய்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டவன் நான். ரிசப்ஷன் கணினிக்கு மட்டும்தான் குடை. நோயாளிகள் படிவத்தை நிரப்புவது அங்கே, அச்செடுப்பது இரண்டாம் மாடி வார்டில்.

மணி பத்து இருபத்திரண்டு. அத்தான் போன் அணைந்திருந்தது. அக்கா போனும். ஆஸ்பத்திரி எண்ணை அடித்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் ஆறு தடவை சொல்லிப் புல்லாங்குழல் வாசித்தது. ஏழாவது தடவை ரிசப்ஷன் பெண் எடுத்தாள்.

"மேடம், நான் ஃபார்ம் பண்ணினவன். என் அக்காவுக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன். அவங்க ஃபார்ம்ல டிக் வரலை."

"இருங்க சார், பார்க்கறேன்." விசைப்பலகைச் சத்தம். "வந்திருக்கே சார். பென்சிலின். பச்சையா, வாலோட, நல்லா லட்சணமா இருக்கு."

"அது உங்களுக்கு மட்டும்தான் மேடம் தெரியும்!"

காலையிலேயே குடித்துவிட்டுப் பேசுகிறானா என்று யோசித்திருப்பாள்.

"மேலே வார்டுக்குச் சொல்லுங்க. பென்சிலின் கூடாதுன்னு. உடனே."

"கனெக்ட் பண்றேன் சார்."

வார்டில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீ கிளம்பு" என்றார் சந்தேகம். போனை என் கையிலிருந்து பிடுங்காத குறை. "நான் இங்கிருந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன். ஹெல்மெட் போட்டுட்டுப் போ. ரெண்டு பேரை ஒரே நாள்ல என்னால தாங்க முடியாது."

ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிட வழி. அன்று எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது. ஒரு சிக்னலில் சிவப்பு விளக்குக்குக் கீழே எண்கள் இறங்கின: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. கொஞ்சம் விசிலடித்தது. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு எந்த நெருக்கடியிலும் ஒரு ஜோக் தோன்றும். துக்க வீட்டில்கூடத் தோன்றும். அதனாலேயே என்னைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். அன்று ஒன்றும் தோன்றவில்லை. தலைக்குள் எட்டுக் காலிப் பெட்டிகள் மட்டும் இருந்தன.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினேன். இரண்டாம் மாடி. வார்டுக் கதவைத் தள்ளியபோது நர்ஸுகளின் மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. சந்தேகம்தான். மேஜையில் யாரும் இல்லை. அக்காவின் கட்டிலும் காலி. போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அருகில் அத்தான், மடியில் அக்காவின் கண்ணாடியையும் வளையல்களையும் கைக்குட்டையில் பொதிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்பிள்ளை. இப்பதான் கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

"அத்தான், மருந்து ஒத்துக்காதான்னு அவகிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கேட்காம இருப்பாங்களா? காலையில ஒரு தடவை, இப்ப ஒரு தடவை."

"என்ன சொன்னா?"

அத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வேற என்ன சொல்லுவா? 'எல்லாம் ஃபார்ம்ல விவரமா இருக்கு சிஸ்டர், அது என் தம்பி செஞ்ச ஃபார்ம், பார்த்துக்கங்க'ன்னா. அவங்களும் பார்த்துட்டு, சரிம்மான்னு போயிட்டாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஃபார்ம்ல இருக்கில்ல?" என்றார் அத்தான். சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. "மாப்பிள்ளை? இருக்கில்ல?"

ஓடினேன். தாழ்வாரத்தின் கோடியில் இரட்டைக் கதவு. மேலே சிவப்பு விளக்கு. கதவை நோக்கிப் போன என்னை உள்ளேயிருந்து வந்த தலைமை நர்ஸ் உள்ளங்கையால் மார்பில் தடுத்தார். ஐம்பது வயது இருக்கும். தட்டையான ஷூ, காதில் ஒரு பேனா.

"எங்கே போறீங்க?"

"சிஸ்டர், ஃபான்ட் ஏறலை. உள்ளே பதில் இருக்கு, படம்தான் இல்லை, ரிசப்ஷன்ல மட்டும் தெரியும், ஏன்னா அங்க நானே..."

"தம்பி." என் முகத்துக்கு நேராக ஒரு விரலைத் தூக்கினார். "மூச்சு விடுங்க. மனுஷங்க பேசற மாதிரி சொல்லுங்க."

"உள்ளே இருக்கறது என் அக்கா. பென்சிலின் ஒத்துக்காது. மூச்சு நின்னுடும். பேப்பர்ல இல்லை. என் தப்பு."

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார். நர்ஸுகள் ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர்கள் ஓடினால் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள் என்பதால் வேகமாக நடக்கத்தான் பழக்கியிருப்பார்கள். அவர் ஓடினார். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

அத்தான் வந்து பக்கத்தில் நின்றார். கைக்குட்டைப் பொதி கையிலேயே இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. உள்ளே ஏதோ இரும்புப் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பிடித்தது எனக்கு ஆறுதல் சொல்லவா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பொதிக்குள் வளையல்கள் நடுங்கிச் சத்தமிட்டன.

ஆறு நிமிடம். நான் எண்ணினேன்.

கதவு திறந்தது. தலைமை நர்ஸ் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி போட, பென்சிலினைத்தான் ஊசியில ஏத்தி ட்ரேயில வெச்சிருந்தாங்க. போடலை. எடுத்து எறிஞ்சாச்சு. வேற மருந்து போடறாங்க. உங்க அக்கா நல்லா இருக்காங்க."

அத்தான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தது தரையில்.

"எழுந்திருங்க" என்றார் அவர். "அழறதுக்கு நேரம் இருக்கு. இந்த ஃபார்ம் உங்க அக்காவுக்கு மட்டும் இப்படியா, எல்லாருக்குமா?"

இந்த இடத்தில் நான் ஒரு கணம் தயங்கினேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அக்கா பிழைத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு, அலுவலகம் போய், சத்தமில்லாமல் புதுக் கோப்பை அனுப்பி, "சின்ன மேம்பாடு" என்று பெயரும் வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தில் அந்தப் பக்கம் ஒரு பெரியவர், கம்பியில் தொங்கும் மருந்துப் பையைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். அவர் கட்டிலிலும் என் படிவம் தொங்கும்.

"எல்லாருக்கும்" என்றேன். "ஒன்பது நாளா."

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். "ரெண்டு மாடிக்கும் சேர்த்து இப்ப முப்பத்தேழு பேர் படுத்திருக்காங்க. நானும் நினைச்சேன், இப்பல்லாம் யாருக்குமே ஒரு அலர்ஜியும் இல்லையே, ஜனங்க திடமாயிட்டாங்க போலன்னு." தனக்குத்தானே தலையில் தட்டிக்கொண்டார். "வாங்க."

முப்பத்தேழு கோப்புகளையும் ரிசப்ஷன் கணினியில் திறந்து அச்செடுத்தோம். அந்தக் கட்டடத்திலேயே என் டிக்கைக் காட்டத் தெரிந்த கணினி அது ஒன்றுதான். நான் செய்த திருட்டு வேலையே கடைசியில் சாட்சிக்கு வந்தது. "நான்தான் சொன்னேனே சார், இங்க நல்லா தெரியுதுன்னு" என்றாள் ரிசப்ஷன் பெண். நான் அடுத்த கோப்பைத் திறந்தேன்.

தலைமை நர்ஸுக்கு அதுவும் போதவில்லை. யாராவது வார்டில் சொடுக்கி டிக்கை எடுத்திருந்தால்? "ஒவ்வொருத்தரையும் வாயால கேட்கணும். தூங்கறவங்களை எழுப்புங்க. ஃபார்ம்ல இருக்குன்னு சொன்னா விடாதீங்க." நான்கு நர்ஸுகள் கட்டில் கட்டிலாகப் போனார்கள். எனக்கும் ஒரு சிவப்புப் பேனா கொடுத்தார்கள். அவர்கள் சொல்வதைப் பழைய தாளில் குறிப்பது என் வேலை.

முப்பத்தேழில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் ஒருவர், தாழ்வாரத்தில் பையைத் தள்ளிக்கொண்டு போனாரே, அந்தப் பெரியவர்.

"சல்ஃபா மாத்திரை ஆகாதும்மா எனக்கு" என்றார் அவர். "ஃபார்ம்லயே போட்டேனே. ரெண்டு நாளா உடம்பெல்லாம் அரிக்குது. கேட்டா, கொசுன்னு சொன்னாங்க. இந்தக் கொசு என்னை மட்டும் தேடி வருதான்னு நானும் யோசிச்சேன்."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிறு முழுக்கச் சிவப்புத் தடிப்பு. ஒரு நர்ஸ் டாக்டரை அழைக்கப் போனார். நான் அவர் தாளில் டிக் போட்டேன். கோடு பாதியில் வளைந்து பக்கத்துப் பெட்டியைத் தொட்டது. அடித்துவிட்டு, டிக்கை நம்பாமல், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'உண்டு' என்று எழுதினேன்.

"ஐயா," என்றேன், "அந்தக் கொசு நான்தான்."

பெரியவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குச் சிரித்தார். அன்று எனக்கு வந்த முதல் ஜோக்.

மதியம் வரை ரிசப்ஷன் மூலையில் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினேன். என் ஃபான்டைத் தூக்கினேன். மென்பொருளில் ஏற்கெனவே இருந்த அந்த விறைப்பான கறுப்பு டிக்கை வைத்தேன். இறக்கிவிட்ட 'இல்லை'களை எல்லாம் மறுபடி ஏற்றினேன். சந்தேகம் தன் கணினியிலும், தன் மனைவி போனிலும், கீழ்த்தளத்துக் கடைக்காரர் கணினியிலும், கடைசியில் அச்செடுத்தும் பார்த்துவிட்டு அழைத்தார். "வருது. அசிங்கமா இருக்கு. ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அசிங்கமா இருக்கு." அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை எதிர்பார்க்க முடியாது. மேலாளருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அவர் என்ன செய்வார் என்பது அவர் பாடு.

மூன்று மணிக்கு அக்கா கண் விழித்தாள். உதடு வறண்டிருந்தது. வீங்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புப் பட்டை; தலைமை நர்ஸ் தன் கையாலேயே கட்டைப் பேனாவால் 'பென்சிலின் கூடாது' என்று எழுதியிருந்தார்.

"என்னடா, ஆபீஸ் போகலையா?" என்றாள், கரகரத்த குரலில்.

"போனேன். வந்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நாளிலிருந்து தொடங்கி, ட்ரேயில் இருந்த ஊசி வரை. நடுவில் எங்கும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தபோது பட்டை கட்டிய கையைத் தூக்கி என் தலையில் ஒன்று வைத்தாள். மயக்கம் தெளியாத கை, வலிக்கவில்லை.

"ஊர் பூரா அந்த டிக்கைப் பத்திப் பீத்திக்கிட்டேனேடா" என்றாள். "பக்கத்துக் கட்டில் அம்மாகிட்டகூடச் சொன்னேன், பச்சையா ஒண்ணு வரும், பாருங்கன்னு. பாவம், அவங்க தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க."

"அக்கா..."

"சின்ன வயசுல என் மூஞ்சி வீங்கினப்ப கைதட்டினே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தாள். அழுது, தூசிக் கையால் துடைத்து, ஹெல்மெட் அழுத்திய என் முகத்தை நெற்றியிலிருந்து முகவாய் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப உன் மூஞ்சிதான் வீங்கியிருக்கு" என்றாள். "கை தட்ட முடியலை. ஒரு கையில குழாய் செருகியிருக்காங்க. நாளைக்குத் தட்டறேன்."